பிளேன் மேல் வைத்த கலசம்

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டதும் கிளம்பிவிடுவேன். செவிலிமேடு பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை. அதற்கு மாடியில் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை. இரண்டுக்கும் ஒரே முதலாளியம்மா. மாடியில் எப்போதும் இருட்டு. ஏசி ஓடும். சுவரோரம் ஊதா விளக்கு எரியும். வெயிலிலிருந்து உள்ளே போனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தடவிக்கொண்டே போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டுவேன். கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் மூச்சு விடுகிற சத்தம்.

"வந்துட்டியா மாமா?"

என் மனைவி. மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரி ஊழியர் மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு.

"வந்துட்டேன்."

திரையில் கடல் விரியும். மயில்கழுத்து நிறக் கடல். தறியில் நீலப் பாவில் பச்சை ஊடை ஓட்டினால் வருமே, அந்த நிறம். அசைந்தால் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை. கடலுக்கு நடுவில் ஒரு தீவு. தீவில் ஒரு கொட்டகை. கொட்டகையில் எங்கள் பிளேன். பக்கத்தில் அவள் நிற்பாள். அவள் என்றால் அவளுடைய பொம்மை. ஆரஞ்சு உடுப்பு, தலையில் தொப்பி. எனக்கும் அதே உடுப்புதான். இரண்டு பேரும் ஏறுவோம். நான் முன்னால். அவள் பின்னால்.

அது வண்டி கட்டுகிற விளையாட்டு. கட்டை கட்டையாக எடுத்து அடுக்கி படகு, லாரி, பிளேன் எது வேண்டுமானாலும் நாமே கட்டலாம். கட்டியதை ஓட்டலாம். ஒயர் இழுக்க வேண்டும். பேட்டரி வைக்க வேண்டும். டீசல் ஊற்ற வேண்டும். ஏதாவது ஒன்றை மறந்தால் கிளம்பாது. ஒருவர் காஞ்சிபுரத்திலும் ஒருவர் மஸ்கட்டிலும் இருந்தாலும் ஒரே பிளேனில் உட்காரலாம். உட்கார்ந்தோம்.

நான் விளையாட்டுக்காகப் போகவில்லை. அவளும் அதற்காக வரவில்லை.

அவள் முதன்முதலில் வேலைக்குப் போனபோது, சென்னையில் கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே பிளேன் மேல் இடி விழுந்தது. அவள் றெக்கைப் பக்கம் ஜன்னலோரம். ஜன்னல் முழுக்க வெள்ளையாகிவிட்டது. வெடி வெடித்த சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. பிளேன் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். சாப்பாடு கொடுத்தார்கள். மஸ்கட்டில் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போனாள்.

அதற்கப்புறம் அவளால் பிளேன் ஏற முடியவில்லை.

லீவு கொடுத்தார்கள். டிக்கெட் எடுத்தார்கள். ஏர்போர்ட் வாசல் வரை வந்தவள் திரும்பி மெஸ்ஸுக்கே போய்விட்டாள். அடுத்த லீவுக்கு ஏர்போர்ட்டுக்கும் போகவில்லை. ஊரில் கேட்டவர்களிடம் லீவு தரவில்லை என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். என்னிடம் மட்டும் உள்ளதைச் சொன்னாள்.

"கால் வரமாட்டுது மாமா. நான் போவுணும்னுதான் நெனைக்கிறேன். காலு நின்னுக்கினே இருக்குது."

"சரி."

"கப்பல் இருக்குதான்னு கேளேன்."

காந்தி ரோட்டில் ஒரு டிராவல்ஸில் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் சிரித்தார். "அண்ணே, அதுல மூட்டைதான் வரும். வீட்டம்மாவ மூட்டை கட்டி ஏத்தச் சொல்லலாமா?" அப்படியே அவளிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். நிறைய நேரம் சிரித்தாள். அப்புறம் போனை வைத்துவிட்டாள்.

நான் நெசவு. கோர்வைச் சேலை நெய்துகொண்டிருந்தேன். அதில் உடல் வேறு, கரை வேறு. ஊடை நூலைக் கொண்டு போகிற நாடா இரண்டுக்கும் தனித்தனியாக ஓடும். இரண்டு இழையும் ஒன்றையொன்று கவ்வி நிற்கும். ஒரு ஆளால் ஆகாது. வலது பக்கம் நான் பார்ப்பேன். இடது கரைக்கு அவள் நாடா போடுவாள். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். அவள் போனதும் கோர்வையை விட்டுவிட்டேன். ஒரு ஆள் நெய்கிற சேலையாக எடுத்தேன். தறியில் அவள் உட்காருகிற இடத்தில் நூல் கூடையை வைத்துக்கொண்டேன்.

அப்படியே சில வருஷம் ஓடியது. அப்புறம் மெஸ்ஸை மூடப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் எல்லோரும் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு மேல் அங்கே இருக்க முடியாது. விசா முடிந்துவிடும். ஐப்பசி என்றால் இங்கே மழை, இடி எல்லாம் சேர்ந்து வருகிற நேரம். இதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் விளையாட்டு வந்தது. அவள் அறையில் கூட இருந்தது ஒரு மலையாள நர்ஸ். அந்தப் பெண் ட்யூட்டி முடிந்து வந்தால் லேப்டாப்பில் இதைத்தான் ஆடிக்கொண்டிருக்குமாம். ஒருநாள் இவள் எட்டிப் பார்த்திருக்கிறாள். மழை. மேகம். பிளேன் மேல் இடி.

"அதுல இடி விழுது மாமா. அப்டியே அதே மாதிரி. நான் பாக்கணும்."

"இன்னாத்த?"

"விழுந்தா இன்னா ஆவுதுன்னு. தனியா பாக்க மாட்டேன். நீயும் வா."

அப்படித்தான் அந்த மாடிக்கு ஏறினேன்.

முதலாளியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தது. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என்னை அண்ணய்யா என்று கூப்பிடும். "ஜெராக்ஸ் கீழ அண்ணய்யா."

"ஜெராக்ஸ் இல்லமா. பிளேன் ஓட்டணும்."

"யாரு?"

"நான்தான்."

"தேவுடா," என்றது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் போட்டுக் கொடுத்தது. திரையில் இருக்கிற இங்கிலீஷை அதுதான் படித்துச் சொன்னது. எந்தப் பட்டனை அமுக்கினால் மேலே போகும், எது இறக்கும். முதல் நாள் பூரா கடலில் விழுந்தேன். விழுந்தால் பரவாயில்லை. ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால் கொட்டகையில் பிளேன் புதிதாக நிற்கும். நாமும் நிற்போம். உடுப்புகூட நனைந்திருக்காது.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை விழவில்லை. எப்படி என்று தெரியாது. தரை விலகியது. சத்தம் மெதுவானது. கீழே தீவு சின்னதாகி, சேலையில் போட்ட ஒரு புட்டா மாதிரி கடலில் ஒட்டிக்கொண்டிருந்தது. திரையில் சாயங்காலம். சூரியன் தண்ணீரில் ஜரிகை போட்டிருந்தது. காதில் அவள் மூச்சு மட்டும். வாசல் நடையில் உட்கார்ந்து காற்று வாங்குவது போல் இருந்தது. பக்கத்தில் அவள் இருக்கிறாள், திரும்பினால் இருப்பாள் என்று தோன்றியது. திரும்பினேன். முதலாளியம்மா முறுக்கு தின்றுகொண்டிருந்தது.

"அண்ணய்யா பறக்கறாருப்பா," என்றது யாரிடமோ.

இரண்டு மூன்று வாரம் அப்படியே பறந்தோம். எங்கும் போகவில்லை. மேகத்துக்கு மேலே போவோம். வருவோம். அவள் மெஸ்ஸில் என்ன செய்தாள் என்று சொல்வாள். நான் தறியில் என்ன நிறம் ஏற்றியிருக்கிறேன் என்று சொல்வேன். வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தும். ரோடு நிஜமில்லாத மாதிரி இருக்கும். வாலாஜாபாத் பஸ் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அப்புறம் அவள் சொன்னாள், "இன்னிக்கு மழைல போலாம்."

போனோம். தெற்கே மேகம் கறுப்பாக நின்றது. உள்ளே நுழைந்ததும் கடல் காணாமல் போனது. சாம்பல் நிறம். கண்ணாடியில் தண்ணீர் ஓடியது. பிளேன் ஆடியது. நாற்காலியில் உட்கார்ந்தபடி நானும் ஆடினேன். திடீரென்று வெள்ளை. ஹெட்போனில் காது அடைத்தது. விளக்கெல்லாம் போனது. மீட்டர் முள்ளெல்லாம் படுத்துவிட்டது. இஞ்சின் நின்றது. பிடியை எவ்வளவு இழுத்தாலும் பிளேன் கேட்கவில்லை. மெதுவாக மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கினோம். சத்தமே இல்லை. கனவில் விழுவோமே, அப்படி.

தண்ணீரைத் தொடுவதற்கு முன்னாலேயே அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். காதில் அந்த மலையாளப் பெண்ணின் குரல் தூரத்தில் கேட்டது. "சேச்சி, கேம் ஆணு. கேம் ஆணு." வெறும் விளையாட்டுதான் என்று தேற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த வெள்ளி வரமாட்டாள் என்று நினைத்தேன். போய் உட்கார்ந்தேன். வந்தாள்.

"ஏன் மாமா நின்னுபோச்சு?"

"தெரியல. பேட்டரி போயிருக்கும்."

"நெஜப் பிளேன்ல அப்டி ஆவாதாம். இந்தப் பொண்ணு சொல்லுது. இடி மேலயே ஓடி வெளிய போயிடுமாம். உள்ள வராதாம்."

"அப்ப சரி."

"இன்னா சரி? இதுல வந்துச்சே. இதுல வராம பண்ணு, நான் நம்பறேன்."

அப்படியாக அது எங்கள் வேலையானது. இடி விழாமல் ஒரு பிளேன் கட்ட வேண்டும்.

யோசனை அவளுடையதுதான். செவிலிமேட்டில் வீடு கட்டுவதற்கு முன்னால் பிள்ளையார்பாளையத்தில் வாடகைக்கு இருந்தோம். மொட்டை மாடியில் நின்றால் கோபுரம் தெரியும். மழை நாளில் அவள் துணி எடுக்கப் போய், அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள். கோபுரத்தின் மேலே கலசம் இருக்கிறவரை ஊருக்கு இடி பயமில்லை என்று இங்கே எல்லோரும் சொல்வதுதான். இடி வந்தால் கலசம் வாங்கிக்கொள்ளும். கீழே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

"கலசம் வெச்சிடலாம் மாமா."

"பிளேன்லயா?"

"ஏன், வெக்கக் கூடாதா?"

வைத்தோம். இரும்புக் கட்டைகளைக் குடம் மாதிரி அடுக்கினேன். மஞ்சள் வர்ணம் அடித்தேன். கூம்பாக நுனி வைத்தேன். ஒன்று வைத்தால் மொட்டையாக இருக்கிறது என்றாள். ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும், அதனால் மூன்று வைத்தோம். உள்ளே வரகு போட வேண்டும் என்றாள்.

"இதுல வரகுக்கு எங்க போறது?"

"மணல்னு ஒரு கட்ட இருக்குது பாரு. அத்தப் போடு."

போட்டேன். நல்ல கனம் ஏறிவிட்டது. வால் தொங்கியது. அதற்காக இன்னொரு இஞ்சின் வைத்தேன். கடையில் பக்கத்து மெஷின்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். முதலாளியம்மா கை கூப்பிக் கும்பிட்டது.

"கும்பாபிஷேகம் எப்போ அண்ணய்யா? பத்திரிகை வெப்பீங்களா, இல்ல வாட்ஸப்பா?"

"அன்னதானம் உண்டான்னு கேளு மாமா," என்றாள் காதில் இவள். அவளுக்கும் அது கேட்டிருக்கிறது.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சாயங்கால வெளிச்சத்தில் மூன்று கலசமும் மின்னியது. ஒரு கோபுரத்தைத் தரையிலிருந்து கழற்றி மேலே கூட்டிப் போகிற மாதிரி, மெதுவாக, கனமாகக் கடல் மேல் போனோம். அவள் பின்னால் ஏதோ முனகிக்கொண்டே வந்தாள். பாட்டா, சாமி பேரா தெரியவில்லை.

மேகத்துக்குள் போனதும் இடி எங்களைத் தேடி வந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் எங்கோ விழும், எப்போதாவது எங்கள் மேல் விழும். இப்போது விழுகிற ஒவ்வொன்றும் கலசத்தில்தான் விழுந்தது. ஒன்று உடைந்தது. அடுத்தது உடைந்தது. இஞ்சின் இரண்டும் எரிந்தது. கடலில் கோபுரத்தோடு விழுந்தோம்.

"நல்லா வாங்கிக்குது உன் கலசம்," என்றேன்.

அவள் அன்றைக்குச் சீக்கிரமே போய்விட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் டவுன் பஸ் ஏறிக் கோயில் பக்கம் போனேன். எதற்கு என்று தெரியாது. சாயங்காலக் கூட்டம். பூக்கடை, சேலை வாங்க வந்த வேன்கள். நான் கோபுரத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் போய் நின்று மேலே பார்த்தேன். கலசத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு செப்புப் பட்டை இறங்குகிறது. பொம்மைகளுக்கு நடுவில், தோள்களைத் தாண்டி, யாளி வாயோரமாக, கீழே கீழே வந்து மதிலடியில் மண்ணுக்குள் போகிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிற கோபுரம். பட்டையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் அவளிடம் சொன்னேன். "கலசம் வாங்கிக் கீழ குடுத்துடுது மா. மண்ணு வாங்கிக்குது. நம்ம பிளேனுக்குக் கீழ மண்ணு இல்ல."

"அப்ப நிறுத்த முடியாதா?"

"முடியாது. விழும்."

"விழும்," என்றாள். இதைச் சொன்னால் பயப்படுவாள் என்று நினைத்தேன். குரல் முன்னைவிட அமைதியாக இருந்தது. "சரி. விழட்டும். விழுந்தப்புறம் இன்னா மிச்சம் இருக்கும்? அத்தப் பாக்கலாம்."

கலசத்தை எடுத்தோம். மணலைக் கொட்டினோம். பிளேன் பஞ்சு மாதிரி ஆனது.

அன்றைக்கு ஒயர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் ஒரே பேட்டரிக்குப் போனது. றெக்கை விளக்கில் இடி விழுந்தாலும் ஒரே ஒயரில் ஓடி இஞ்சினைச் சுட்டுவிடுகிறது. கரையில் ஒரு இழை அறுந்தால் உடம்பெல்லாம் கிழிகிற சேலை. அப்படி யார் நெய்வார்கள்? நானே சிரித்துக்கொண்டேன்.

"இன்னா மாமா சிரிக்கறே?"

"கோர்வை போடலாம் மா."

அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. "அட," என்றாள்.

பிளேனை இரண்டாகக் கட்டினோம். வெளிப்பக்கத்துக்கு ஒரு பேட்டரி, ஒரு ஒயர். விளக்கு, வால், முள், இஞ்சின் எல்லாம் அதில். உள்ளே நடு உடம்பில் இன்னொரு பேட்டரி, இன்னொரு ஒயர். இரண்டும் எங்கேயும் தொடாது. நடுவில் ஒரு சுவிட்ச் மட்டும். வெளிப்பக்கம் செத்தால், அந்தச் சுவிட்சைத் திருப்பி இஞ்சினை உள்பக்கத்தோடு சேர்க்க வேண்டும். அது தானாக நடக்காது. பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் திருப்ப வேண்டும். சரியான நேரத்தில். முந்தினால் இரண்டும் எரியும். பிந்தினால் கடல்.

முதலில் முந்தினாள். அப்புறம் பிந்தினாள். விழுந்துகொண்டே இருந்தோம். "இப்ப" என்று நான் கத்துவேன். இடிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது. ஒருமுறை விழுந்து கொட்டகையில் எழுந்ததும் அவளே சொன்னாள்.

"கத்தாத மாமா. தறில கத்துவியா?"

தறியில் கத்தமாட்டேன். நாடாவை விட்டதும் "ம்" என்பேன். அவள் போட்டுவிட்டு "ம்" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் "ம்" சொல்லியிருப்போம், தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்கள் இவர்கள் இரண்டு பேரும் பேசவே மாட்டார்களா என்று கேட்பார்கள்.

அடுத்த வெள்ளி பெரிய மேகமாகப் பார்த்துப் போனோம். ஐப்பசிக்கு அதிக நாள் இல்லை. செவிலிமேட்டிலும் வானம் மூட்டமாகத்தான் இருந்தது. உள்ளே எது, வெளியே எது என்று அன்றைக்குச் சரியாகப் புரியவில்லை. மழை ஜன்னலில் அடித்ததா, பிளேன் கண்ணாடியில் அடித்ததா. சாம்பலுக்குள் போனோம். சத்தம் அமுங்கியது. நான் பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதுவும் நினைக்கவில்லை.

வெள்ளை.

எல்லாம் அணைந்தது.

"ம்," என்றேன்.

"ம்."

கீழே ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. இஞ்சின் இருமியது. பிடித்தது. முள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. றெக்கை விளக்கு இல்லை. வால் பாதி இல்லை. பிளேன் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் மேகம் விட்டது. திரையில் விடியற்காலை. கடல் அசையாமல், சலவைக்குப் போய் வந்த வெள்ளைப் பட்டு மாதிரி கிடந்தது. அதன் மேல் எங்கள் நிழல் போனது.

முதலாளியம்மா என் பின்னால் நின்றிருக்கிறது. எனக்குத் தெரியாது. "அண்ணய்யா," என்றது மெதுவாக. அதற்கு மேல் கேலி செய்யவில்லை. கீழே போய்விட்டது.

நிறைய நேரம் பறந்தோம். அவள் பேசுவாள் என்று இருந்தேன்.

"மாமா."

"ம்."

"இதுல பட்டன் இருக்குது. விழுந்தா அமுக்கிட்டு வந்துடலாம். அதுல இல்லியே."

உண்மைதான். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வாரம் கட்டியது ஒரு பொம்மைப் பிளேன். அதை வைத்து நிஜப் பிளேனைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்? ஒன்றும் ஆகாது என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்?

"இல்ல," என்றேன். "அதுல பட்டன் இல்ல."

"அவ்ளோதானா?"

"எனக்குத் தெரியாது மா. நீ வந்தா நல்லா இருக்கும். அவ்ளோதான் தெரியும்."

கடல் மேல் போய்க்கொண்டே இருந்தோம். டீசல் முள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரித்தாள்.

"இத்தினி வருஷத்துல ஒரு வாட்டி சொல்லியிருக்கிறியா மாமா இத்த? வா-ன்னு ஒரு வார்த்த? நான் கப்பல் கேட்டா கப்பல் விசாரிக்கற. பிளேன் கட்டச் சொன்னா பிளேன் கட்டற. கலசம் வெக்கச் சொன்னா கலசம் வெக்கற. வா-ன்னு மட்டும் வாய் வராதா உனுக்கு?"

"வா," என்றேன்.

"யோவ், ரெண்டு பேரும் கடல்ல விழப்போறோம், முள்ளப் பாரு."

விழுந்தோம்.

டிக்கெட்டை அந்த மலையாளப் பெண்தான் போட்டது. சென்னைக்கு மதியம் வருகிற பிளேன். நான் காலையிலேயே போய்விட்டேன். மீனம்பாக்கத்தில் வெயிலாகத்தான் இருந்தது. மதியத்துக்கு மேல் மேற்கே கறுத்தது. காற்று வந்தது. அப்புறம் மழை. வெளியே வருகிறவர்களுக்காகக் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கூட்டம் நின்றது. நானும் நின்றேன். பலகையில் அவள் பிளேனுக்கு நேராக எழுத்து மாறியது. பக்கத்தில் நின்ற ஒரு முஸ்லிம் பெரியவரைப் படித்துச் சொல்லச் சொன்னேன்.

"லேட் ஆவும்பா. மேல சுத்திக்கினு இருக்கும். மழ விட்டா எறக்குவாங்க."

வானத்தில் மின்னியது. கொஞ்சம் பொறுத்து உருட்டல் வந்தது. மறுபடியும் மின்னியது. அந்த மேகத்துக்குள் எங்கேயோ அவள். எந்த வரிசை, எந்த ஜன்னல் தெரியாது. அந்தப் பிளேனில் முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார், அதுவும் தெரியாது. டீ வாங்கினேன். குடித்தேனா என்று ஞாபகமில்லை. ஒவ்வொரு மின்னலுக்கும் வாய்க்குள் "ம்" என்றேன். யாருக்கும் கேட்டிருக்காது.

மழை விடவில்லை. ஆனாலும் இறக்கினார்கள். எழுத்து மாறியபோது பெரியவர் தானாகவே என் தோளைத் தட்டி, "வந்துட்டுது," என்றார்.

கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கடைசியில் அவள். தலையில் முன்பக்கம் நரைத்திருந்தது. போனில் அது தெரிந்ததில்லை. தள்ளுவண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போக, அதைத் திட்டிக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"குட எடுத்தாந்தியா?"

"இல்ல."

"தெரியும்."

வண்டியை வாங்கிக்கொண்டேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்டுவிட்டது.

"இடி விழுந்துதா?"

"தெரியாது மாமா. நான் தூங்கிட்டேன். எறங்கும்போதுதான் பக்கத்து சீட்டுப் பொண்ணு எழுப்புச்சு."

அவள் கைப்பையை நீட்டினாள். வாங்கும்போது உள்ளங்கையைப் பார்த்தேன். நகம் பதிந்த தடம் வரிசையாகச் சிவந்திருந்தது. இரண்டு கையிலும். ஒரு இடத்தில் தோல் கிழிந்திருந்தது.

"நல்ல தூக்கமா?"

"நல்ல தூக்கம்," என்றாள்.

நனைந்துகொண்டே ரோட்டைத் தாண்டினோம். காஞ்சிபுரம் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஷட்டரை இறக்கப் போனேன். வேண்டாம் என்றாள். சாரல் அடித்தது. கண்டக்டர் சத்தம் போட்டார். வானம் இன்னும் வெட்டிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச தூரம் போவதற்குள் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் கை இரண்டும் விரிந்து கிடந்தது. இந்தத் தடவை நிஜமாகவே தூங்கிவிட்டாள்.